எண்ணாது செய்த தீங்கு யாருடையது?

கருத்தே வினையின் வேர் என்பது பகவன் புத்தர் காட்டிய நெறி. கையும் காலும் செய்ததை மட்டும் கணக்கிட்டுப் பாவ புண்ணியம் அளப்பாரை அவர் ஒப்பவில்லை. உள்ளம் எதை நாடிற்று என்றே முதலில் வினவினார். இது நம் குடும்பங்களில் பெரியோரும் சிறியோரும் நன்கறிந்த செய்தி. நன்கறிந்த செய்தியே சில வேளைகளில் நம்மை இடறிவிடுவதும் உண்டு. திருவனந்தபுரத்து அன்பர்களிடையே நாம் தம்மம் பேசிவந்த நாள்களில், சாலைக்கடைத் தெருவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இந்த நெறியையே பற்றிக்கொண்டு ஒரு வினாவை நம்முன் வைத்தார். அவர் புதிதாக மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க இருந்தார். "யாரையும் இடிக்க வேண்டுமென்று நினைத்து நான் வண்டி ஓட்டப் போவதில்லை, ஐயா. அப்படியிருந்தும் என் கையால் ஓர் உயிர் போய்விட்டால் அந்தப் பழி எனக்கு உண்டா, இல்லையா? எண்ணம் இல்லாத இடத்தில் வினை இல்லை என்றுதானே தாங்கள் சொல்கிறீர்கள்?" என்றார்.

வாதத்துக்காகக் கேட்ட வினா என்று இதை நினைத்துவிடலாகாது. அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய தந்தையார் சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி இறந்தார். ஓட்டி வந்தவருக்கு இருபது வயது இருக்கும். மருத்துவமனை வாயிலில் நின்று, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லி அழுதாராம்; அதன்பின் அக்குடும்பத்தார் அவரைக் கண்டதில்லை. ஆகவே நம் இளைஞர் தமக்காக ஒன்றும் அந்த ஓட்டிக்காக ஒன்றுமாக இரண்டு வினாக்களை ஒரே மூச்சில் கேட்டார் என்று கொள்க. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தனக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்பது நம் நெறியில் இல்லை.

நிற்க. வண்டி வந்த நாளையும் அதன் முதற் பயணத்தையும் சிறிது சொல்ல வேண்டும். வினாவின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பழவங்காடி என்பது திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய இடம். பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சிறிது தொலைவில், எந்நேரமும் பேருந்தும் ஆட்டோவும் நெருக்கியடிக்கும் சாலையோரத்தில் அங்கே ஒரு கணபதி கோயில் உள்ளது. திருவிதாங்கூர்ப் படைவீரர் வழிபட்டது. இன்றும் இந்தியப் படையினரின் பராமரிப்பில் இருப்பது. தேங்காய் உடைப்பதே அங்கு முதன்மையான நேர்த்திக்கடன். நாள் முழுதும் தேங்காய் சிதறும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். புது வண்டி வாங்கியோர் பலர் அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, மாலை சூட்டி, சந்தனமிட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே வீடு திரும்புவர். நம் இளைஞர் புத்த தம்மத்தைத் தழுவியவர். எனினும் அவருடைய நண்பர்கள் எல்லாரும் அவ்வாறல்லர். அவர்கள் ஆசைப்பட்டதால் வண்டி அங்கே நின்றது. நண்பருள் ஒருவர் தம் காசில் தேங்காய் வாங்கி உடைத்தார். நம்மவர் கைகட்டி நின்றார். தடுக்கவுமில்லை, தாம் உடைக்கவுமில்லை. அது சரியே என்று நமக்குத் தோன்றிற்று. நட்பு வேறு, வழிபாடு வேறு.

பகுத்தறிவு பேசுவோர் சிலர் இக்காட்சியைக் கண்டு நகைப்பர். நாம் நகைக்கவில்லை. அந்தத் தேங்காய்க்குள் ஓர் அச்சம் இருக்கிறது, அவ்வச்சம் பொய்யன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் இருசக்கர வண்டிகளில் சென்றோர் 74,897 பேர். நடந்து சென்றோர் 32,825 பேர். இத்தகைய சாலைக்குத் தன் பிள்ளையை அனுப்பும் தாய் அஞ்சாமல் வேறென் செய்வாள்? ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இடையூறு எங்கோ வெளியிலிருந்து வண்டியை நோக்கி வரும் என்று எண்ணியே அந்தத் தேங்காய் உடைக்கப்படுகிறது. இவ்வண்டியே பிறர்க்கு இடையூறாகப் போய் நிற்கக்கூடும் என்று எண்ணி உடைத்தவரை நாம் இன்னும் கண்டதில்லை.

வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது மேலே சென்றால் இளைஞர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். அது ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. 2020 நவம்பரில் முதன்முதல் விற்பனைக்கு வந்த வகை. குரூசர் என்பார்கள். இருக்கை தாழ்ந்தும், கைப்பிடி உயர்ந்தும், கால் வைக்கும் இடம் முன்தள்ளியும் இருக்கும். விரைவுப் பந்தயத்துக்குரிய வடிவமன்று. நிமிர்ந்து அமர்ந்து நெடுந்தொலைவு செல்வதற்குரிய வடிவம். எடை 191 கிலோ. எஞ்சின் 349 சி.சி. இங்கிலாந்தில் பிறந்த இந்தப் பெயர் 1955-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர்த் தொழிலாளர் கைபட்டுத் தமிழ்நாட்டுப் பொருளாயிற்று. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் உள்ளன. நூற்பாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறிகளோடு வாழ்ந்த நமக்கு, ஒழுங்காகச் செய்த இரும்பைக் கண்டால் உள்ளம் மலராமல் இருப்பதில்லை. அந்த எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டு அந்த ஏழெட்டு இளைஞர் முகத்திலும் படர்ந்த மகிழ்ச்சியைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். மாதந்தோறும் தவணை கட்டி, உழைத்த கூலியில் வாங்கிய பொருள். நம்மவரின் பாட்டனார் செருப்பணிந்து நடக்கவும் இடந்தராத தெருக்கள் இருந்தன என்பதை நினைப்போர், பேரன் அத்தகைய தெருவில் நிமிர்ந்தமர்ந்து வண்டி ஓட்டுவதைப் பற்று என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

மகிழ்ச்சி குற்றமன்று. மகிழ்ச்சியால் வரும் மறதியே ஆராயத்தக்கது. வள்ளுவர் 54-ஆம் அதிகாரத்தைப் பொச்சாவாமைக்கு ஒதுக்கினார். அம்மறதி துயரத்தில் பிறப்பதன்று, உவகையில் பிறப்பது என்று அவர் கண்ட நுட்பத்தைப் புது வண்டி வாங்கியோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். பாலி நூல்கள் இதனையே பமாதம் என்னும். அதற்கு எதிரான அப்பமாதத்தையே பகவன் தம் இறுதி அறிவுரையிலும் வலியுறுத்தினார்.

இனி வினாவுக்கு வருவோம். எண்ணாமல் நேர்ந்த உயிர்க்கேட்டைப் பற்றி நம் நூல்களில் இரண்டு நிகழ்ச்சிகள் உள. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

ஒன்று சக்குபாலர் வரலாறு. தம்மபத உரையின் தொடக்கத்திலேயே வருவது. கடுந்தவத்தால் கண்ணொளி இழந்த அப்பெரியார் சேதவனத்தில் தங்கியிருந்தபோது, மழை ஓய்ந்த இரவில் உலாவினார். அவர் காலடியில் பூச்சிகள் பல நசுங்கின. காலையில் அதைக் கண்ட பிக்குகள் சென்று முறையிட்டனர். அவர் கொல்வதை நீங்கள் கண்டீர்களா என்று கேட்ட பகவன், நீங்கள் அவரைக் காணாததுபோலவே அவரும் அவ்வுயிர்களைக் காணவில்லை என்று விளக்கி, கொல்லும் கருத்து அவரிடம் இல்லை என்றார். நம் இளைஞர் நினைவில் இருந்தது இந்த வரலாறே.

மற்றொன்று விநய பிடகத்தில் உள்ளது. பலரும் எடுத்துக் கூறாதது. பிக்கு ஒருவர் உணவேற்கச் சென்ற வீட்டில் இருக்கை ஒன்றின்மேல் அமர்ந்தார். அதன்மேல் துணியால் மூடி ஒரு குழந்தையைக் கிடத்தியிருந்தனர். குழந்தை இறந்தது. பிக்கு நடுங்கிப்போய்ப் பகவனிடம் வந்தார். கொலைக்குரிய பாராஜிகம் என்னும் பெருங்குற்றம், அதாவது சங்கத்தினின்றே நீக்கும் குற்றம், அவர்மேல் சாரவில்லை என்று பகவன் தீர்ப்பளித்தார். கருத்து இல்லை, ஆகவே கொலை இல்லை. ஆனால் தீர்ப்பு அவ்வளவில் முடியவில்லை. இனி எவரும் இருக்கையை ஆராயாமல் அமரலாகாது, அமர்ந்தால் துக்கடம் என்னும் குற்றமாம் என்று புதிதாக ஒரு விதியும் செய்தார்.

அன்பர்களே, இவ்விதியைச் சிறிது நின்று நோக்குவீராக. குழந்தை இருந்த இருக்கையில் அமர்வது குற்றம் என்று அது சொல்லவில்லை. பாராமல் அமர்வது குற்றம் என்கிறது. அப்படியானால் இருக்கை வெறுமையாக இருந்த நாளிலும், எவர்க்கும் ஒரு கேடும் நேராத நாளிலும், பாராமல் அமர்ந்தவர் குற்றவாளியே ஆகிறார். குழந்தை இறந்த பிக்குவும், வெற்றிருக்கையில் பாராமல் அமர்ந்தெழுந்து போன பிக்குவும் இந்த ஒரு குற்றத்தில் ஒப்பானவர். சக்குபாலரோ கண்ணில்லாதவர், காண முடியாததைக் காணவில்லை. இருக்கையில் அமர்ந்தவருக்குக் கண் இருந்தது. துணியைத் தூக்கிப் பார்க்கக் கையும் இருந்தது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் இவ்விருவருள் யாரை ஒத்தவர்? இதை நூலில் தேட வேண்டியதில்லை; அந்த முதற் பயணத்திலேயே கண்டோம்.

பழவங்காடியிலிருந்து பொன்முடிக்குச் செல்வதென்று நண்பர்கள் முன்பே முடிவு செய்திருந்தனர். சுமார் 60 கிலோமீட்டர் வழி. பேரூர்க்கடை, நெடுமங்காடு, சுள்ளிமானூர், விதுரா என்று ஊர்களைக் கடந்து கல்லாற்றங்கரை சேர்ந்தால், அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் மலையேற வேண்டும். ஐந்து வண்டிகள். புது வண்டியின் பின்னிருக்கை நமக்குக் கிடைத்தது. தலைக்கவசம் நமக்கும் ஒன்று தந்தனர். கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னால் அமர்வோர்க்கும் அதைக் கட்டாயமாக்கிச் செயற்படுத்தி வருகின்றனர். புது எஞ்சினை முதல் 500 கிலோமீட்டர் வரை அடக்கியே ஓட்ட வேண்டுமென்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆலையிலும் இவ்வழக்கம் உண்டு. புதிதாக நிறுத்திய ரிங் பிரேமைப் பிட்டர் முதல் நாளே முழு வேகத்தில் விடமாட்டார். கதிர்கள் தம் இடத்தில் பழக வேண்டும் என்பார். ஆகவே மெல்லச் செல்வதென்று எல்லாரும் ஒப்பியே புறப்பட்டனர்.

நெடுமங்காடு வரை அப்படியே சென்றோம். அதற்கப்பால் முன்னே சென்ற இருவர் சிறிது விரைந்தனர். ஒரு வளைவில் அவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். நடுவில் வந்தவர், பிரிந்துவிடலாகாதே என்று விரைந்தார். அவர் விரைந்ததைக் கண்டு நம்மவரும் விரைந்தார். பின்னே வந்தவர்கள் நெருங்கி வருவதைக் கண்ணாடியில் கண்ட முன்னவர், அவர்களுக்கு வழிவிடாமல் நாம் தேங்கி நிற்கிறோம் போலும் என்று எண்ணி இன்னும் முடுக்கினார். நாற்பதில் இருந்த முள் அறுபதைத் தாண்டிற்று. இருமுறை நாம் தோளைத் தொட்டுச் சொன்னோம். சொன்னபோது குறைத்தார், நூறடி கடந்ததும் தானே ஏறிற்று. ஐவருள் எவரும் விரைந்து போவோம் என்று வாய்திறந்து சொல்லவில்லை. எவரும் அவ்வாறு விரும்பினார் என்றும் சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் பிறரைப் பார்த்தே விரைந்தனர். அந்த வேகத்துக்கு உடையவர் எவருமில்லை.

சுள்ளிமானூர் தாண்டியபின் சாலையோரம் நின்ற ஆட்டோவின் மறைவிலிருந்து பால்தூக்குடன் ஒரு முதியவர் சாலையில் கால் வைத்தார். முன்சென்ற மூவரும் கடந்துபோன அதே இடம். நம்மவர் இரு பிரேக்கையும் அழுத்தினார். வண்டி வழுக்காமல் நின்றது. முதியவருக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. பால் சிந்திற்று. இளைஞர் இறங்கி, நடுங்கும் கையோடு பாலுக்குப் பணம் எடுத்து நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. மலையாளத்தில் நாலு சொல் ஏசிவிட்டுத் தம் வழியே போனார்.

கல்லாற்றில் எல்லாரும் கூடியபோது நண்பர்கள், "நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை" என்று அவரைத் தேற்றினர். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்து, "என் அப்பாவும் இப்படித்தான் கால் எடுத்து வைத்திருப்பார்" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மையா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை நாடுமுன் அந்த ஒரு வினாடி போய்விடுவது இயல்பு. 40 கிலோமீட்டர் வேகமாயின் அத்தொலைவு 11 மீட்டர். அதற்குமேல், வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். நின்ற ஆட்டோவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தையும் தமக்கு வைத்துக்கொள்ளாமல் ஐந்து வண்டிகளும் அவ்விடத்தைக் கடந்தன. அதாவது, ஐவரும் துணியைத் தூக்கிப் பாராமல் இருக்கையில் அமர்ந்தனர். நான்கு பேருக்கு இருக்கை வெறுமையாக இருந்தது. ஐந்தாமவருக்கும் ஒரு முழ அளவில் வெறுமையாக இருந்தது. அவ்வளவே வேறுபாடு. நம்மவர் கை நடுங்கிற்று. மற்ற நால்வர் கையும் நடுங்கியிருக்க வேண்டும் என்றே நாம் அங்கே சொன்னோம். அவர்களுக்கு அது உவப்பாக இல்லை. ஒருவர், 'நாங்கள் என்ன செய்தோம்?' என்று முகம் சுளித்தார்.

அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம். நாம் வேலை பார்த்த ஆலையில் பொறி ஒன்றின் பற்சக்கரங்களை மூடும் இரும்பு மூடி கழற்றியே வைக்கப்பட்டிருந்தது. சுழலும் பற்சக்கரங்களை மூடிவைக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 21-ஆம் பிரிவு விதித்திருந்தது. மூடியைத் திறந்து துடைப்பதற்கு நேரமாகிறதென்று யாரோ ஒருவர் என்றோ கழற்றியது. பின்னர் மூன்று ஷிப்டுகளிலும் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். ஒரு நாள் ஒரு பையனுக்கு இரண்டு விரல்கள் போயின. விசாரணையில் மூடியைக் கழற்றியவர் யார் என்று கேட்டனர். எவருமில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவன்று. அது கழன்று கிடந்த நாள்களில் அவ்வழியே நடந்தவர் யார் யார் என்பதே. கூட்டமாகச் செய்யும் மறதியில் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. ஆனால் போன விரல் முழு விரலாகவே போகிறது.

நண்பர் கூட்டம் தீமைக்கே வழி என்று இதனால் கொள்ளலாகாது. நாம் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் நட்பைப் பற்றி விளக்கியபோது, தோழன் தன்னை மறந்திருக்கும் வேளையில் அவனைக் காப்பதை நல்ல நண்பனின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தார். உடன்செல்வோர் ஐவராக இருப்பதன் பயன் இதுவன்றோ? தனியே செல்பவனுக்குத் தன் வேகத்தை உரைக்க ஆளில்லை. ஐவர் செல்லும்போது நால்வர் உரைக்கலாம். கல்லாற்றிலேயே இதற்கொரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாம் சொல்லித் தந்ததன்று, அவர்களுள் மூத்தவர் சொன்னது. புது வண்டியே முன்னே செல்வது. எவரும் அதைக் கடப்பதில்லை. 22 வளைவுகளையும் அவ்வாறே ஏறினோம். மேலே பனிமூட்டம் இருந்தது. கேரள அரசுப் பேருந்து ஒன்று வளைவில் இறங்கி வந்தபோது ஐந்து வண்டிகளும் ஓரங்கட்டி நின்று வழிவிட்டன. நேரம் கூடிற்று என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பொன்முடிக் காற்றில் அவர்கள் சிரித்து விளையாடியதைப் பார்த்தபோது, அடக்கத்தால் அவர்களுடைய மகிழ்ச்சி ஒரு துளியும் குறைந்ததாக நமக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது தீங்கு நேராத நாளைப் பற்றியது. நேர்ந்துவிட்டால்? இளைஞர் கேட்டது அதையே அன்றோ.

உலகியற் சட்டம் இதில் நடுவழி செல்கிறது. கவனமின்றிச் செய்த செயலால் உயிர் போனால் அதைக் கொலை என்னாமல், தனிக் குற்றமாக வைத்தது பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு. இரண்டாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு வரை உயர்த்தியுள்ளது. வேண்டுமென்று செய்யவில்லை என்ற சொல்லைச் சட்டமும் ஏற்கிறது. ஏற்றபின்னும் போய் வா என்று விட்டுவிடுவதில்லை. இது நம் விநயத் தீர்ப்போடு ஒருவாறு ஒத்துச் செல்வதே.

ஆனால் தண்டனையோடு காரியம் முடிந்ததா என்பதில் நம் முன்னோர் வரலாறு நமக்கொரு வழி காட்டுகிறது. திருவாரூரில் இளவரசன் ஏறிச் சென்ற தேர்க்காலில் கன்று சிக்கி இறக்க, தாய்ப்பசு மணியடிக்க, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையை எல்லாரும் அறிவர். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவன் சிலை நிற்கிறது. இதே கதையைப் பௌத்தப் பிக்குகள் எழுதிய மகாவம்சமும், அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றிக் கூறுகிறது. தேரேறி உலாப்போன இளைஞன், வழியில் கிடந்த கன்று, ஆராய்ச்சி மணி, மகன் தலையை அரிந்த சக்கரம். மாற்று நெறியினனான ஒரு தமிழ் மன்னனின் நீதியைப் பிக்குகள் மறைக்காமல் எழுதி வைத்தது அவர்களுக்குப் பெருமை.

அவ்வதிகாரத்திலேயே, சில அடிகள் தள்ளி, இன்னொரு தேர் விபத்து வருகிறது. அதைச் சொல்வோர் அரியர். பிக்குகளை அழைக்கச் சேதியகிரிக்குச் சென்று மீளும்போது எல்லாளனின் சொந்தத் தேரே ஒரு தூபத்தில் மோதிச் சேதப்படுத்திவிட்டது. அமைச்சர் பதறிச் சொல்ல, மன்னன் உடனே இறங்கிச் சாலையில் படுத்து, என் தலையையும் இச்சக்கரத்தால் அரியுங்கள் என்றான். எண்ணாமல் நேர்ந்ததுதான், ஆயினும் மகனுக்கு இட்ட நீதியைத் தனக்கும் இட்டுக்கொள்ளத் துணிந்தான். அமைச்சர்கள் உடன்படவில்லை. எங்கள் ஆசான் பிறர் துன்புறுவதை விரும்புபவர் அல்லர். தூபத்தைச் செப்பனிட்டு அவரிடம் பொறுத்தருள வேண்டுக என்றனர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றை மீண்டும் பதிக்க மன்னன் 15,000 ககாபணம் செலவிட்டான் என்கிறது அந்நூல்.

மகன் தலை போனதால் கன்று எழுந்து வந்ததாக மகாவம்சம் சொல்லவில்லை. இரண்டாவது தேரின் வழக்கில் எவர் தலையும் போகவில்லை. கற்கள் தம் இடத்துக்குத் திரும்பின. நாம் இந்த இரண்டாவது தீர்ப்பின் பக்கமே நிற்கிறோம். இளைஞர் இதைக் கேட்டு, "கல்லைத் திரும்ப வைக்கலாம், ஐயா. அப்பாவை?" என்றார். நியாயமான கேள்வி. போன உயிரைப் பதிக்கும் கொத்தன் இல்லை. ஆயினும் ஓர் உயிர் போகும்போது அதனோடு பெயர்ந்துபோகும் கற்கள் பல உள. வீட்டு வாடகை ஒரு கல். பிள்ளையின் படிப்பு ஒரு கல். மருத்துவமனைக் கடன் ஒரு கல். அவற்றைப் பதிக்க முடியும். பதிக்க வேண்டியவரும் இருக்கிறார். அந்த ஓட்டி அழுதது பொய் என்று நாம் எண்ணவில்லை. கொலைகாரன் என்று அவரை வெறுக்க வேண்டியதில்லை என்று இளைஞரிடம் சொன்னோம். பாராமல் அமர்ந்தவர், அக்குற்றம் அவருடையது. அதைவிடப் பெரிய பிழை, அழுதுவிட்டு அவ்வீட்டுப் பக்கம் திரும்பாமலே இருந்தது. முன்னது ஒரு வினாடியில் நேர்ந்தது. பின்னது ஒவ்வொரு நாளும் எண்ணியே செய்தது.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறோம். பலர் அதைக் கடைக்காரர் தலையில் கட்டும் செலவென்றே நினைக்கின்றனர். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் பொதுச்சாலையில் வண்டி ஓட்டலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. புது இருசக்கர வண்டிக்கு அதை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டுமென்று உச்சநீதிமன்ற ஆணையால் 2018 செப்டம்பர் முதல் ஏற்பட்டது. மேலும் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 164-ஆம் பிரிவின்படி, குற்றம் யாருடையதென்று நிறுவாமலே, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயமுற்றவருக்கு 2.5 லட்சமும் கேட்டுப் பெறலாம். எண்ணம் இருந்ததா இல்லையா என்ற வழக்கு ஒருபுறம் நடக்க, பெயர்ந்த கல் மறுபுறம் பதிக்கப்படட்டும் என்பதே இதன் கருத்து. வண்டியுடையவர் இன்னும் காணாத, பெயரும் அறியாத ஒருவருக்காகக் கட்டும் பணம் இது. தானம் என்று இதைச் சொல்லலாகாது, கடன்.

நம் இளைஞரின் தந்தையை மோதிய வண்டிக்கு அன்று காப்பீடு காலாவதியாகி இருந்தது. அன்னையார் இழப்பீடு கேட்டு அலைந்த ஆண்டுகளை அவர் சொல்லக் கேட்டோம். ஆகவே புது வண்டியின் தாள்களை அவர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டியபோது, காப்பீடு முடியும் நாளை வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கச் சொன்னோம். அடுப்படிச் சுவரில், பால் கணக்கு எழுதும் இடத்துக்கு மேலே, அவருடைய தாயாரே அதை எழுதினார்.